முப்பத்தொரு கதவுள்ள விமானம்

ஏறாவூரில் உசனாரின் வளவு எங்கே என்று விசாரித்தால் யாரும் வீட்டு இலக்கம் சொல்ல மாட்டார்கள். அலுமாரிக்காரரின் வளவா, வாவிப் பக்கம் போங்கள் என்பார்கள். அலுமாரி என்றது அவர் ஆறு வருசமாகத் தன் கையால் கட்டிய விமானத்தை. ஒரு ஆள் ஏறிப் பறக்கிற சின்ன விமானம். அதன் உடம்பெல்லாம் கதவு. வாலில் கதவு, வயிற்றில் கதவு, சிறகு உடம்போடு சேருகிற இடத்தில் இரண்டு பக்கமும் கதவு, மொத்தம் முப்பத்தொன்று. அப்படி ஒன்றை வளவுக்குள் வைத்துக்கொண்டால் ஊர் வேறு என்ன பேர் வைக்கும்? பெற்றோல் வரிசையில் நாடே நின்று காய்ந்த வருசத்தில் இந்த மனிசன் விமானம் கட்டிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உசனாருக்கு முதலில் கோபம் வந்தது. மறுகா அவரே அந்தப் பேரை எடுத்துக்கொண்டார். அலுமாரியைத் திறந்தால் உள்ளே என்ன கிடக்கிறது என்று உடனே தெரியும், தனக்கும் அதுதான் வேண்டும் என்று சொல்லித் திரிந்தார்.

அது வெறும் விளையாட்டுக் கதையில்லை. அவர் சார்ஜாவில் பதினேழு வருசம் படித்த படிப்பு அது.

உசனாரின் வாப்பா ஏறாவூரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். பத்து வயதிலேயே மகன் சில்லு கோணல் எடுப்பான். நஸீறாவைக் கலியாணம் முடித்து, மகள் ஸுஹைனா தவழத் தொடங்கிய நேரம், இருபத்தேழு வயதில் சார்ஜாவுக்கு விமானம் ஏறினார். அங்கே விமானம் திருத்துகிற பெரிய கொட்டகையில் எண்ணெய் துடைக்கிற வேலை. மூன்று வருசம் துடைத்தார். பிறகு யாரோ ஒரு மேற்பார்வையாளர் அவருடைய கையைக் கண்டார். மெலிந்து நீண்ட கை. சின்னத் துவாரத்துக்குள் நுழைத்து உள்ளே நட்டும் ஆணியும் இறுகியிருக்கிற பூட்டைத் தடவிப் பார்க்கத் தோதான கை. அன்றிலிருந்து உசனார் உதவியாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தகடு கீறிய தழும்பு இன்றைக்கும் வரிவரியாகக் கிடக்கிறது.

அந்தப் பெரிய விமானங்களில் ஒரு மூடி இருந்தது. நாற்பத்திரண்டு திருகாணி. அதைக் கழற்ற அரை மணித்தியாலம், திரும்பப் பூட்ட முக்கால் மணித்தியாலம். உள்ளே பார்க்க வேண்டியது ஒரே ஒரு குழாய் மூட்டு. வேலை முடிகிற நேரம் பார்த்து அந்த மூடி வந்து நின்றால் என்ன நடக்கும்? வெளியே நின்று டோர்ச் அடித்துவிட்டு, பார்த்தாயிற்று என்று கையெழுத்து வைப்பார்கள். ஒரு நாள் போன விமானம் எண்ணெய் ஒழுக ஒழுகத் திரும்பி வந்தது. நல்ல காலம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூடியைக் கழற்றியவர் உசனார்தான். ஒரு திருகாணியில்கூடப் புதிதாகத் திருகிய அடையாளம் இருக்கவில்லை. அட்டையிலே கையெழுத்து மட்டும் அழகாக இருந்தது. கையெழுத்து வைத்த ஆள் கெட்டவனுமில்லை, ஐந்து நேரம் தொழுகிறவன், பாவம், களைத்துப்போனவன். அன்றைக்கு உசனாருக்கு ஒரு விசயம் மண்டையில் ஏறிற்று. வேலை கஷ்டமாக இருந்தால் நல்ல மனிசனும் பொய் சொல்லுவான். மனிசனைத் திருத்த ஏலாது, மூடியைத் திருத்தலாம்.

ஊருக்குத் திரும்பி, தோணி எஞ்சினும் தண்ணீர் மோட்டரும் திருத்தி, மகளுக்குக் கலியாணம் முடித்து வைத்தார். எங்கள் பக்கத்து வழமைப்படி வீடும் வளவும் மகள் பேருக்குப் போயிற்று. மருமகன் றிப்ஷான் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தான். உசனாரும் நஸீறாவும் குசினியோடு ஒட்டிய பின் அறைக்கு மாறினார்கள். கொரோனா வந்து எல்லாரையும் வீட்டுக்குள் போட்டு அடைத்தபோது, அந்த வளவின் மூலையில் தகரக் கொட்டில் ஒன்று அடித்து விமானத்தைத் தொடங்கினார்.

மற்றவர்கள் விமானம் கட்டினால் முதலில் சிறகைப் பற்றி யோசிப்பார்கள். இவர் கையைப் பற்றி யோசித்தார். பறக்கிறதுக்கு முன்னம் பார்க்க வேண்டிய பூட்டு எத்தனை, அது ஒவ்வொன்றுக்கும் கை போகுமா, கண் போகுமா? ஒன்றைப் பார்க்க இன்னொன்றைக் கழற்ற வேண்டி வந்தால் வரைபடத்தைக் கிழித்தார். கதவுக்குத் திருகாணி கிடையாது. அஞ்சு ரூபாய் நாணயக் குத்தியைக் கதவின் வெட்டிலே வைத்துக் கால் சுற்றுத் திருப்பினால் திறக்கும். கழற்றி வைத்தால் காணாமல் போகுமென்று எல்லாக் கதவுக்கும் பிணைச்சல். எஞ்சின் மூடி இரண்டு பக்கமும் மேலே தூக்கித் திறக்கும். இருக்கை இரண்டே ஆணியில் நிற்கும், அதை இழுத்தால் முழுசாக வெளியே வரும். தகட்டிலே துவாரம் வெட்டினால் பலம் குறையும் என்பதால் ஒவ்வொரு துவாரத்தைச் சுற்றியும் இன்னொரு தகடு வளையமாக அறைந்தார்.

கதவு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற கேள்வி வந்தது. உசனார் நஸீறாவைக் கூப்பிட்டார். அவள் தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு வந்து வளையலைக் கழற்றப் போனாள். கழற்ற வேண்டாம் என்றார். அவசரத்தில் இருக்கிறவன் மணிக்கூட்டைக் கழற்ற மாட்டான், ஆகையால் வளையலோடு கை போய் வளையலோடு வர வேண்டும். மட்டையில் துவாரம் வெட்டி வெட்டி அவள் கையை விட்டுப் பார்த்து, உரசாமல் வந்த அளவைத்தான் எல்லாக் கதவுக்கும் எடுத்தார்.

மட்டக்களப்பில் ஒரு அலுவலகத்தில் வரைபடம் கீறுகிற றிப்ஷான் இதையெல்லாம் கணினியில் வரைந்து கொடுத்தான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல பொடியன். ஒரே ஒரு தடவைதான் மறித்துக் கதைத்தான். கதவைப் பாதியாகக் குறைத்தால் பதினொரு கிலோ குறையும் மாமா என்றான். அந்தப் பதினொரு கிலோவைத் தான் மெலிந்து காட்டுவதாகச் சொன்னார் உசனார். காட்டினார். சீனியை விட்டார், இராச் சோற்றை விட்டார், எட்டு மாதத்தில் சாரம் இடுப்பில் நிற்காமல் வழுகிற அளவுக்கு மெலிந்தார்.

பிறகு ஒரு சட்டம் போட்டார். திறந்தவர் மூடக்கூடாது. வெள்ளிக்கிழமை காலையில் அவர் ஒவ்வொரு கதவாகத் திறந்து உள்ளே பூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு முன்னே போவார். பின்னால் வருகிற ஆள் அதே பூட்டைத் திரும்பத் தொட்டுப் பார்த்து, கதவை மூடி, புத்தகத்தில் அந்தக் கதவின் வரிக்கு நேரே தன் எழுத்தை வைக்க வேண்டும். முப்பத்தொரு வரியும் நிரம்பினால் கடைசியில் உசனார் முழுப்பேரும் எழுதிக் கையெழுத்து வைப்பார். பின்னால் வருகிற ஆள் நஸீறா. அவளை விட்டால் பகலில் வளவிலே யார் இருக்கிறார்கள்? தொடக்கத்தில் சலித்துக்கொண்டுதான் வந்தாள். இரண்டு வருசம் போக, எந்த நட்டுக்கு எந்த ஸ்பிளிட் பின் என்று அவளுக்கு அத்துபடி. நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே குத்துகிற, கொண்டையூசி மாதிரியான சின்னப் பின் அது. ஒரு தடவை உசனாரே மடிக்காமல் விட்ட பின்னைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் அவள். அன்றைக்கு அவர் சந்தோசத்தில் கடைத்தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

அவருக்கு ஆசை ஒன்றே ஒன்று. பதினேழு வருசம் விமானத்தின் வயிற்றுக்குள் கையை விட்ட மனிசன் ஒரு தடவை அதை ஓட்டுகிற இருக்கையில் குந்த வேண்டும். ஏறாவூரிலிருந்து எழும்பி, வாவியின் மேலே புளியந்தீவைச் சுற்றி, செட்டிபாளையம் வரை போய்த் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான். அதற்காகக் கொழும்புப் பக்கம் போய் மாதக்கணக்கில் தங்கிப் பயிற்சியும் முடித்திருந்தார். மிச்சம் இருந்தது கொழும்பிலிருந்து அதிகாரி வந்து விமானத்தைப் பார்த்து அனுமதி கொடுப்பது.

நஸீறா மூன்று தடவை வேண்டாம் என்றாள். எஞ்சின் வந்து இறங்கிய நாளில் சொன்னாள். அவர் பயிற்சிக்குப் போன நாளில் சொன்னாள். அதிகாரி வருகிற திகதி போட்டுக் கடிதம் வந்த நாளில், குசினி வாசலில் நின்று, அழுது சொன்னாள். மூன்று தடவையும் உசனார் சிரித்தார். கடைசித் தடவை அவளுடைய தோளைத் தட்டிவிட்டு, "உன்ட கையாலதானே புள்ள எல்லாக் கதவும் மூடுற. பிறகென்ன பயம்?" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பேச்சு அதோடு முடிந்தது என்று அவர் நினைத்தார்.

அதிகாரி வருகிற நாள் வியாழக்கிழமை. விடியற்காலை ஸுபஹ் தொழுதுவிட்டு வந்த கையோடு இரண்டு பேரும் கொட்டிலுக்குப் போய், ஒன்று முதல் முப்பத்தொன்று வரை திறந்து மூடினார்கள். உசனார் முன்னால், நஸீறா பின்னால். பிறகு குளித்துவிட்டு வந்தார். ஸுஹைனா புதுச் சேர்ட்டை அயன் பண்ணி வைத்திருந்தாள். நஸீறா பிட்டும் முட்டைப் பொரியலும் வைத்தாள். அன்றைக்கு லீவு போட்டிருந்த றிப்ஷான், மாமா இன்றைக்கு மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். வாசலில் வாகனத்தின் ஹோர்ன் கேட்டது. நஸீறா புத்தகத்தை விரித்துக் கையில் கொடுத்தாள். உசனார் அடியில் முழுப்பேரும் எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு ஓடினார்.

வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க சிங்கள மனிதர். கிழக்கிலே முன்னம் வேலை பார்த்தவராம், தமிழ் தண்ணீர் மாதிரிக் கதைத்தார். விமானத்தைக் கண்டதும் அவரும் சிரித்தார். அது ஊர் சிரித்த சிரிப்பில்லை. குத்தியை வாங்கித் தானே இரண்டு கதவைத் திறந்து, கையை விட்டுப் பார்த்து, இப்படி ஒரு விமானத்தைத் தன் வாழ்க்கையில் பார்க்கவில்லை, பெரிய கம்பனிக்காரர்கள் வந்து படிக்க வேண்டும் என்றார். உசனாருக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு அதிகாரி புத்தகத்தைக் கேட்டார்.

விரலை வைத்து வரிவரியாகக் கீழே வந்தார். பத்தொன்பதில் விரல் நின்றது. வரிக்கு நேரே ஒன்றுமில்லை. வெறும் தாள்.

நஸீறா எழுத மறந்திருப்பா என்று உசனார் சிரித்துக்கொண்டே வாலடிக்குப் போய்ப் பத்தொன்பதாம் கதவைத் திறந்தார். விமானத்தின் மூக்கை மேலே கீழே திருப்புகிற வால் தகட்டின் பிணைச்சல் அது. நட்டு இருந்தது, பின் இல்லை. காலையில் தன் விரலால் தொட்டுப் பார்த்த அதே பின். உசனார் கையை உள்ளே விட்டுத் தடவினார், தரையில் குனிந்து தேடினார், திரும்பவும் தடவினார். சேர்ட் முதுகோடு ஒட்டிவிட்டது.

அதிகாரி கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கொடுமை. பின் போடுவது அஞ்சு நிமிச வேலை, அதைப் பற்றித் தனக்குக் கவலையில்லை என்றார். புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார்.

"இந்த வரி வெறுமையா இருக்கு. அதுக்குக் கீழ நீங்க எல்லாம் பார்த்தாச்சு எண்டு கையெழுத்து வச்சிருக்கீங்க. ஒரு தாளைப் பாக்காம கையெழுத்து வைக்கிறவர்ர விமானத்தை நான் எப்பிடி மேல அனுப்புறது?"

  அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் உசனார் ஆறு வருசம் உழைத்து இந்த விமானத்தையே கட்டியிருந்தார். அதிகாரி மரியாதையாக விடைபெற்றுப் போனார்.

திரும்பி வீட்டுக்குள் வந்து, பின் ஒன்று இல்லாமல் போயிற்று, அனுமதி இல்லை என்று சொன்னார். ஸுஹைனா தலையைக் குனிந்தாள். றிப்ஷான் சுவரைப் பார்த்தான். நஸீறா பிட்டுக் கோப்பையை எடுத்துக் கழுவப் போனாள். எந்தப் பின், எப்படி இல்லாமல் போனது என்று ஒரு ஆளும் கேட்கவில்லை. இரண்டு வருசமாகப் பின்னோடு வாழ்ந்த வீடு அது. உசனார் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். அப்போதுதான் விளங்கியது. அந்த மேசையில் இருந்து சிரித்த நான்கு பேரில் மூன்று பேருக்குத் தெரியும். மகள் தெரிந்துகொண்டேதான் சேர்ட்டை அயன் பண்ணினாள். மருமகன் தெரிந்துகொண்டேதான் மாப்பிள்ளை என்றான்.

நஸீறாவின் பின்னால் குசினிக்குள் போனார். அவள் மறைக்கவில்லை. நீங்கள் தொட்டுவிட்டு இருபதுக்குப் போனதும் குறட்டால் நிமிர்த்தி எடுத்தேன், சட்டையில் குத்திக்கொண்டேன் என்றாள். முந்தானையை விலக்கிக் காட்டினாள், பின் அங்கேயே இருந்தது. இன்றைக்குப் பறக்கிற நாளில்லை, பார்க்கிற நாள், அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று தெரிந்துதான் செய்தேன் என்றாள்.

"எனக்கிட்டச் சொல்லியிருக்கலாமே?" என்றார் உசனார். குரல் கெஞ்சுகிற மாதிரி வந்ததே அவருக்கு வெட்கமாக இருந்தது.

"மூண்டு தரம் சொன்னன். மூண்டு தரமும் சிரிச்சீங்க. பதினேழு வருசம் நீங்க வருவீங்க வருவீங்க எண்டு பாத்துக்கிட்டு இருந்த ஆள் நான். இனி வானத்தப் பாத்துக்கிட்டு இருக்க என்னால ஏலாது."

"புத்தகத்தில ஏன் வெறுமையா விட்ட?"

"அந்தப் பின்ன எடுத்தது நான். பொய் எழுத ஏலல்ல. நீங்க ஒருக்காப் பாத்திருந்தீங்களெண்டா கண்டிருப்பீங்க. கண்டிருந்தா நானே போட்டுத் தந்திருப்பன்."

"உன்ன நம்பித்தானே நான் பாக்கல்ல" என்றார் உசனார்.

 நஸீறா கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

இது துரோகம் இல்லையா? ஊரிலே பாதிப் பேர் இல்லை என்கிறார்கள். புருசன் உயிரோடு இருக்க வேண்டும் என்று செய்தவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது என்கிறார்கள். சொல்கிறவர்கள் சொல்லட்டும். எதிரி வந்து இறக்கையை வெட்டியிருந்தால் உசனார் அழுது முடித்திருப்பார். இது அவருடைய சட்டத்தையே கத்தியாக்கி, அவர் அளவெடுத்து வெட்டிய துவாரத்துக்குள், அவர் அளவெடுத்த கையையே விட்டுச் செய்த வேலை. மனிசன் நொறுங்கிப்போனார். கோபித்துக்கொண்டு போகலாம் என்றால் எங்கே போவது? வீடு மகளுக்கு, வளவு மகளுக்கு, கொட்டில் நிற்கிற மண்ணும் மகளுக்கு. பாயை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குள் போய் விமானத்தின் சிறகுக்குக் கீழே படுத்தார். சாப்பாடு வந்தால் சாப்பிட்டார். யாரோடும் கதைக்கவில்லை. பேரப்பிள்ளை வந்து கதவைத் திறந்து மூடி விளையாடினால் அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். றிப்ஷான் ஒரு நாள் வந்து காலைப் பிடிக்காத குறையாக மன்னிப்புக் கேட்டான். மாமி சொன்னதைத் தட்ட ஏலவில்லை என்றான். உசனார் தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

மூன்று கிழமை கழித்துக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. வடிவமைப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பராமரிப்புக்குப் பொறுப்பாக உசனாரின் கையெழுத்தை ஏற்க முடியாது. இந்த விமானத்தில் குறைந்தது இரண்டு வருசம் வேலை செய்து, புத்தகத்தில் தொடர்ந்து எழுத்து வைத்த வேறொருவர் முழுவதையும் சோதித்துக் கையெழுத்து வைத்தால் அனுமதி தரலாம். நான்கு பக்கப் படிவமும் கூடவே வந்தது.

உசனார் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார், இந்த முறை ஒவ்வொரு தாளாக. இரண்டு பேருடைய எழுத்துத்தான் இருந்தது. ஒன்று அவருடையது. ஒரு முழு நாள் படிவத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு கிடந்தார். தன்னைக் கவிழ்த்தவளிடமே போய்க் கை நீட்டுவதா என்று மனம் எரிந்தது. ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. அடுத்த நாள் காலையில் குசினிக்குப் போனார். நஸீறா தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். மூன்று கிழமைக்குப் பிறகு அவளோடு வாய் திறந்தார். உன்னைத் தவிர இதற்கு வேறு ஆளில்லை என்று மட்டும் சொல்லிப் படிவத்தை நீட்டினார்.

அவள் கையைக் கழுவித் துடைத்தாள். கண்ணாடியைப் போட்டு நான்கு பக்கத்தையும் ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். பிறகு கொட்டிலுக்குப் போனாள். உசனார் வாசலில் நின்று பார்த்தார். முப்பத்தொரு கதவையும் தானே திறந்தாள். ஒவ்வொரு நட்டையும் தொட்டாள், ஒவ்வொரு பின்னையும் நகத்தால் தட்டிப் பார்த்தாள். இருக்கையை இழுத்து எடுத்தாள். எஞ்சின் மூடியைத் தூக்கிக் குழாய்களை விரலால் தடவி, விரலை வெளிச்சத்தில் பிடித்து எண்ணெய் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்லியும் அவள் முடிக்கவில்லை. சார்ஜாவில் எத்தனையோ பெரிய பொறியியலாளர்களோடு நின்ற உசனார் இப்படி ஒரு சோதனையைக் கண்டதில்லை.  கையெழுத்து வைக்கப் போகிறாள் என்று நம்பினார். மறுபடியும் நம்பினார்.

கடைசியில் வெளியே வந்து படிவத்தை அவர் கையில் வைத்தாள். கையெழுத்துப் போடுகிற இடம் அப்படியே வெறுமையாக இருந்தது.

"எல்லாம் சரியா இருக்கு. ஒரு குறையும் இல்ல. ஏறினீங்களெண்டா பறக்கும்" என்றாள். "அதாலதான் நான் வைக்க மாட்டன்."

ஆறு வருசத்தில் அந்த விமானம் பறக்கும் என்று உசனாரிடம் சொன்ன முதல் ஆள் அவள். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.